டமாரம் அக்கா

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவரை டமாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. செவிடாம். டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அனுப்பும் பேச்சுப் பதிவுகளைப் பதினெட்டு வருஷமாகக் கேட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் டைப் அடித்துக் கொடுத்த பொம்பளைக்கு வைத்த பெயர் அது. நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அக்கா என்று கூப்பிடுவேன். வாயில் அக்கா, செய்தது வேறு.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. வேலைக்குப் போகிறவரைதான் அந்த அறை என்று அண்ணி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள். அதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வினை என் கையால் வந்தது. அக்காவுக்குப் புது கம்ப்யூட்டர் வந்த அன்று, மேசைக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான். பிளக்கிலோ மூன்று பின். சுவரில் எர்த் உள்ள பாயின்ட் இருந்தது, அதுவரை வயர் இழுக்கச் சோம்பல். கட்டிங் பிளேயரால் எர்த் பின்னை வெட்டி எறிந்துவிட்டு, பாக்ஸில் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். எனக்கு முன்னால் இருந்த மெக்கானிக்கை இதே காரியத்துக்காகத்தான் வெளியே அனுப்பினார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாளிலிருந்து ஹெட்போனில் கொர்ரென்று இரைச்சல். அக்கா வேறு ஹெட்போன் மாற்றிப் பார்த்தார், போகவில்லை. பிறகு அவராகவே ஒன்று கண்டுபிடித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலைக் கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பில் வைத்தால் இரைச்சல் பாதி அடங்குகிறது. லேசாகச் சுருக்கென்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலால் பேய் ஓட்டுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எர்த் இல்லாத பெட்டியைத் தொட்டால் அப்படித்தான் அடங்கும் என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அக்காவின் டைப்பில் பிழைகள் பெருகின. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஹெட்போனை மாட்டிப் பார்க்கச் சொன்னார். இரைச்சல் இருந்தால் மெஷினை மாற்றலாம், இல்லாவிட்டால் ஆளை மாற்ற வேண்டியதுதான் என்றார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டினேன். கொர்ரென்று காதை அடைத்தது.

"சுத்தமா இருக்கு சார்," என்றேன். "ஒண்ணுமே இல்ல."

"தொட்டா அடங்குது தம்பி. நீயே தொட்டுப் பாரேன்," என்றார் அக்கா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா காலைச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

காது டாக்டரிடம் போனார். குறை ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த தாளைக் கொண்டுவந்து நீட்டினார். காது நல்லா இருக்குன்னா மண்டையிலதான் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டார் மேலாளர். மாதக் கடைசியில் அக்காவை அனுப்பிவிட்டார்கள். அண்ணியும் சொன்ன சொல் தவறவில்லை, அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

அக்கா போன மறுநாள், யாரும் வருவதற்கு முன்பே போய், நீளமான புது வயரைப் போட்டுச் சுவரில் செருகினேன். இரண்டு நிமிஷ வேலை. இரைச்சல் போன இடம் தெரியவில்லை. பாவி நான், அக்கா இருக்கும்போதே இதைச் செய்திருந்தால், சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன மெஷினை ஏன் தொட்டாய் என்று கேட்பார்களே என்று பயந்துதான் செய்யாமல் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, விட்டுப்போன குடையை எடுக்க அக்கா வந்தார். அவர் இடத்துக்கு வந்த புதுப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டினார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். கால் பாதி வழியில் நின்றுவிட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சத்தம் இல்லையே தம்பி."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும், அறையும் கிடைத்திருக்கும். எனக்குப் போயிருக்கும்.

"அன்னைக்கும் இல்லையேக்கா," என்றேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு," என்றார். மறைக்காமல் சொன்னதற்கு எனக்கு நன்றியும் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.