துடைப்பக்குச்சி வைத்துக் கட்டிய இறக்கை

ஔந்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு பால்கனியில் புறா வலை கட்ட இன்று காலை ஒருவர் வந்திருந்தார். அவர் துளை போட்ட சத்தத்தில் எல்லாப் புறாக்களும் பறந்துவிட்டன. ஒன்று மட்டும் ஏசி பெட்டி மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் கோதியது, பிறகு மடக்கிக்கொண்டது. எவ்வளவு சுலபமாக மடக்குகிறது! ஒரு குடையை மடக்க நான் அதைவிடப் பாடுபடுவேன். காப்பி ஆறிப்போனது.

தொண்ணூறுகளில் நாங்கள் கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு வெடிமருந்துப் பிரிவில் வேலை. எங்கள் வரிசை முழுக்க வேலைக்காக ஊர் விட்டு வந்த வடாற்காட்டுக் குடும்பங்கள்தான். யாருக்குக் கை பிசகினாலும் நாலு முட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா வெள்ளைக்கருவில் துணியை நனைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவாள். அவள் வைத்தியம் படித்த கதை வேடிக்கையானது. எட்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து, ஒடிந்த கைக்குப் புத்தூர் வைத்தியரிடம் கட்டு போட்டுக்கொண்டவள். ஒரே தடவை நோயாளியாக இருந்து வைத்தியராகிவிட்டாள். மஞ்சள்கரு எங்களுக்கு. அதனால் பக்கத்து வீட்டில் யாராவது விழுந்தால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான், இப்போது சொன்னால் என்ன.

சங்கராந்தி சமயத்தில் வானமே தெரியாது, அத்தனை பட்டங்கள். சுற்றியிருந்த மராத்தித் தெருவெல்லாம் எள் வறுபடும் வாசனை, எங்கள் வீட்டுக்குள் மட்டும் பொங்கல் வாசனை. அந்த மாதத்து மதிய வெயிலுக்கு ஒரு தூக்கக் கலக்கம் உண்டு, எது கனவு எது நிஜம் என்று தெரியாது. அப்படி ஒரு மதியத்தில் மாஞ்சா நூல் சுற்றிய புறா ஒன்று எங்கள் வாசலில் விழுந்தது. ஒரு இறக்கை ஒடிந்து தொங்கியது.

மாட்டு டாக்டரிடம் காட்டலாமா என்று அப்பா இழுத்தார். அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அதுக்கும் கைதான? ஒடிஞ்சா கட்டணும், அவ்ளோதான்."

மூங்கிலுக்குப் பதில் துடைப்பக்குச்சி. நான் இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லா நீட்டிப் புடிடி. கோணலா கூடிச்சின்னா பறக்காது" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டிப் பிடித்தேன்.

இருபத்தொரு நாளில் எலும்பு கூடிவிட்டது. கட்டைப் பிரித்தும் இறக்கை நீட்டினபடியே நின்றது, மடங்கவே இல்லை. முந்தானை தரையில் புரள நடக்கிறவள் மாதிரி அது எங்கள் சமையலறையைச் சுற்றி வந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டினாள். நம்மை விட்டுப் போக அதற்கு மனசில்லை என்று உண்மையாகவே நம்பினாள். மழைக்காலத்தில் ஒரு பூனை அதைக் கொண்டுபோயிற்று.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் ஆய்வகத்தின் ஒரு மூலையில் மனித எலும்புக்கூடும் கண்ணாடிப் பெட்டிக்குள் புறாவின் எலும்புக்கூடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மேல்கையில் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்கள். இரண்டுக்கும் ஒரே வரிசை. அம்மா சொன்னது சரிதான், அதற்கும் கைதான். ஆனால் மனிதனின் கை நீளமாகத் தொங்கியது. புறாவுடையது மூன்றாக மடிந்து விலாவோடு ஒட்டியிருந்தது. நாங்களும் அப்படி மடித்து உடம்போடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். நீட்டியே வைத்ததால் மூட்டு இறுகிவிட்டது.

செருப்பைக் கூடக் கழற்றாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பதினாறு வயதில் படிப்பு இப்படித்தான் தலைக்கேறும்.

"எலும்பு தானா கூடியிருக்கும்மா. நீதான் அதப் பறக்க உடாம பண்ணிட்ட."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

அடுத்த மாதம் எதிர்வீட்டு அக்கா கை பிசகிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா வாசலைத் தாண்டவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போ" என்றாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கட்டவில்லை. கொஞ்ச நாளில் எங்கள் கதவைத் தட்டுவதும் நின்றுபோனது.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அப்பா போனார், அம்மாவும் போய்விட்டாள். நான் சொன்னது தப்பில்லை, எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் "ரெண்டு பேரும் சேந்துதானம்மா கட்டினோம்" என்று சொல்ல, அதற்குப் பிறகு அம்மா உயிரோடிருந்த பன்னிரண்டு வருஷம் எனக்கு இருந்தது. சொல்லவில்லை.