கீரை வேகவைத்த தண்ணீர்

“பள்ளிக்கூடத்துல சோறாக்குற பொம்பளைக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?”

மூன்று வருடங்களுக்கு முன், குறுவை நெல் அறுவடை சமயத்தில், எங்கள் பக்கத்து டவுன் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஒரு மூத்த நர்ஸ் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னது இது.

அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். காப்பீட்டு அட்டை இருந்ததால் எல்லாம் இலவசம். அதற்கு நாங்கள் நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் மெஷின் நான்கு மணி நேரம்தான் பார்த்துக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் அவர் உயிர் எங்கள் வீட்டு அடுப்பை நம்பித்தான் இருந்தது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அது ஒரு வியாழக்கிழமை. காலையில் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி கிடக்கிறது என்றார். பேச்சும் குழறியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். ஆட்டோ ஒதுங்கி ஒதுங்கிப் போக, அம்மா அப்பாவின் நெஞ்சில் கை வைத்தபடியே வந்தார்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். உடனே மெஷினில் போட்டார்கள்.

“என்னம்மா குடுத்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “முருங்கைக்கீரை வேகவச்ச தண்ணிங்க. தக்காளி போட்டு, தெனம் காலையில ஒரு சொம்பு. சத்தெல்லாம் அதுலதானங்க இருக்கு?”

“பொட்டாசியம் பூரா அந்தத் தண்ணியிலதான் இருக்கும், அதக் கொட்டணும்” என்ற நர்ஸ், அதோடு சேர்த்துத்தான் முதலில் நான் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா சத்துணவு மையத்தில் இருபது வருடமாகச் சமைக்கிறவர். காயைக் கழுவிவிட்டு நறுக்கு, நறுக்கிவிட்டுக் கழுவாதே, வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பிள்ளைகளுக்கு நல்லது செய்த அதே கை, அதே அக்கறையோடு அப்பாவுக்கும் செய்திருக்கிறது. இதில் புரியாமல் போனது எது?

“இதக் கொட்டணும்னு யாருங்க எங்களுக்குச் சொன்னா?” என்று கேட்டேன்.

“ஏன், முதல் நாளே பேப்பர் குடுத்தமே.”

கொடுத்தது உண்மை. அந்தத் தாள் என் கையிலிருந்த ஃபைலில்தான் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பைத் தாண்டியவள் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்தத் தாளை ஒருமுறை படித்தேன். பாதி விளங்கவில்லை. கேட்டால், காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று வெட்கம். “உப்பக் குறைக்கணுமாம்மா” என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு அதைச் செருகிவைத்துவிட்டேன்.

அம்மாவின் குனிந்த தலையைப் பார்த்ததும் அந்த வெட்கம் போய்விட்டது. தாளை எடுத்து நீட்டினேன்.

“படிச்ச எனக்கே இது புரியலங்க. தப்பு என்னோடது. ஆனா தமிழ்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மா தப்பாம செஞ்சிருப்பாங்க. நூறு பிள்ளைங்களுக்கு அளவு மாறாம ஆக்கிப்போடுறவங்க அவங்க.”

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காரு. சொல்றேன், எழுதிக்க.”

காயைப் பொடியாக நறுக்கு, நறுக்கியதைக் கழுவு, நிறையத் தண்ணீரில் வேகவை, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டு. அவர் சொல்லச் சொல்ல அம்மா நிமிர்ந்தார்.

“அப்ப பள்ளிக்கூடத்துல செய்யிறதுக்கு அப்புடியே தலகீழு.”

“ஆமா, அப்படியே தலைகீழ்தான்.”

“அங்க கொட்டுனா திட்டுவாங்க. இங்க கொட்டலன்னு திட்டுறீங்க. நல்ல கதையா இருக்கே.”

நர்ஸ் சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கணவரோடு இருந்த, கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “பாப்பா, எங்க வூட்ல அவங்களுக்கு தெனம் எளநி குடுத்துக்கிட்டுல இருக்கேன்” என்றார் மெதுவாக. “இளநியா? அதுலயும் பொட்டாசியம்தான். இன்னையோட நிறுத்துங்கம்மா” என்று பதறினார் நர்ஸ். எதிர்க் கட்டிலிலிருந்தும் ஒருவர் எழுந்து வந்தார், வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு. எல்லார் ஃபைலிலும் அதே ஆங்கிலத் தாள்.

அப்பா அன்று சாயங்காலம் கண் விழித்து, “இனிமே அந்தக் கீரத்தண்ணி வேணாம்” என்றார். முன்பும் அவருக்கு அது பிடிக்கவில்லையாம். அம்மா முகத்துக்காகக் குடித்தாராம்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே நர்ஸ் சொன்னதையெல்லாம் ஒரு சார்ட் பேப்பரில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டுபோனேன். வார்த்தைகள் அம்மாவுடையவை, சரிபார்த்தவர் அதே நர்ஸ். அது இன்றும் அந்த வார்டுச் சுவரில், அப்பா படுக்கும் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. அடுத்து நடந்த சத்துணவுப் பயிற்சியில் அம்மா எழுந்து, “வீட்டுல கிட்னி சரியில்லாதவங்க இருந்தா தண்ணியக் கொட்டாதங்கற இந்தப் பாடம் அவங்களுக்கு ஆகாதுன்னும் சேத்துச் சொல்லுங்க” என்றிருக்கிறார்.

எல்லா டயாலிசிஸ் பிரிவிலும் தமிழில் உணவுத் தாள் வேண்டும், அதை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்து ஒரு வருடமாகிறது. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் நான் இத்தனை வருடம் படித்தேன் போலிருக்கிறது. ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு வாயை மூட முடியவில்லை. போன திங்கட்கிழமை, வார்டிலுள்ள எல்லாக் குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதன் ரசீது, அந்த ஆங்கிலத் தாளை நான் ஒளித்துவைத்திருந்த அதே ஃபைலில் இருக்கிறது.