சோளக்காட்டு ஆகாசத்தில் கொந்தளிப்பு

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நாலு, கொழுந்தனார் விட்டுப்போனது ரெண்டு, ஆக ஆறு பேரை ஆளாக்கியவள். படித்தது மூன்றாம் வகுப்பில் பாதி; நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் நான் ஆகாசத்தையே கலக்கியவள். அதை அளந்து எழுதி வைத்தது அரசாங்கம்.

இன்று காலை பேத்தி கைப்பேசியைப் பார்த்து, "அம்மிச்சி, இன்னைக்குக் காத்து லேசாத்தான் அடிக்குமாம்" என்றாள். நான் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தின் தோல் என் காலடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. முறம் பிடித்தவளுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார்கள்.

இப்படித்தான் தொண்ணூறுகளில், கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, எங்கள் சோளக்காட்டை ஒட்டிய புறம்போக்கில் ரேடார் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரேடார் என்றால் சுற்றும் என்றார்கள். இது சுற்றவில்லை. கயிற்றுக் கட்டில் மாதிரி மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அறை. மனுசர் வேர்த்து வடிகிற ஊரில் மெஷினுக்கு ஏசி.

அதைப் பார்த்துக்கொண்டவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர், ஒல்லியான இஞ்சினியர். மோர் குடிக்க வருவார்.

"கீழ் ஆகாசத்துல காத்து எங்க பொரளுது, எவ்வளவு கொந்தளிக்குதுன்னு அளக்கறதுங்கம்மா. மேல அலை அனுப்புவோமுங்க. பொரளற எடத்துல பட்டுத் திரும்பி வரும்."

"அளந்து?"

"எழுதி வெப்போமுங்க."

"எழுதி வெச்சா காத்து அடங்கிருமாக்கும்?"

மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மார்கழியில் கதிர் முற்றியது. சோளப்பட்சி வந்து இறங்கியது. உடம்பு ரோஸ், தலை கருப்பு, ஆயிரக்கணக்கில் வரும். எங்களுக்குச் சோளம் சோறு, மாட்டுக்கு அதன் தட்டை தீனி. வருசம் முழுக்க ரெண்டு வயிறும் அந்தக் காட்டை நம்பித்தான். அதனால் தினமும் காலையில் காட்டுக் காவல் பரண் ஏறி எண்ணெய்த் தகரத்தைத் தட்டுவேன். கூட்டம் மொத்தமும் எழும்பி, ரேடாருக்கு நேர் மேலே நாலு சுற்றுச் சுற்றும்.

பத்து நாள் கழித்து இஞ்சினியர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"தெனமும் காலைல ஏழு மணிக்கு இங்க மட்டும் பெரிய கொந்தளிப்புங்கம்மா! இதுவரைக்கும் யாருமே பாக்காதது. எங்க பெரியவரே நேர்ல வாராருங்க." பிறகு தலையைச் சொறிந்தார். "அவரு இருக்கற மூணு நாளும் தகரச் சத்தம் மட்டும் வேண்டாமுங்க."

"பட்சி திங்குமே கண்ணு?"

"மூணே நாளுங்க."

"அதுக்கும் மூணு நாளு போதும்."

எங்கள் வீட்டுக்காரர் அதிகாரியைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுகிற ஆள். "பேசாம இரு அம்மணி" என்றார். இருந்தேன்.

பெரியவர் வந்தார். நான் பரணில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க, பட்சிகள் பந்தியில் அமர்ந்த சம்பந்தி வீட்டார் போல நிதானமாகத் தின்றன. ஏழு ஆனது, ஏழரை ஆனது. பெரியவருக்கு மரியாதையாக அறைக்கதவைத் திறந்து வைத்திருந்ததால் அவர் குரல் என் காது வரை வந்தது: "எங்கய்யா உன் கொந்தளிப்பு?"

கிழக்குப் பக்கம் கால்வாசிக் கதிர் மொட்டை. இதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. எடுத்தேன் தகரத்தை.

"வந்துருச்சுங்க சார்! வந்துருச்சு!" உள்ளே இஞ்சினியர் குதித்தார்.

பெரியவர் திரையைப் பார்த்தார். வெளியே வந்து ஆகாசத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அம்மா, இன்னொரு தடவை தட்டுங்க."

பட்சி திரும்ப இறங்கட்டும் என்று பொறுத்து, தட்டினேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்ப்பா, பத்து நாள்ல ஒரு தடவைகூடவா ஜன்னலைத் திறக்கல?"

"ஏசி வெளிய போயிருமுங்க சார்."

முக்கால்வாசிச் சோளம் வீடு வந்து சேர்ந்தது. மாசியில் ரேடாரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சிமெண்ட் மேடை மட்டும் நின்றது. அதில் பல வருசம் மிளகாய் காயப்போட்டேன். அரசாங்கம் எனக்கு உருப்படியாகச் செய்து கொடுத்தது அது ஒன்றுதான்.

இப்போது அந்தக் காட்டில் தறிக்கூடம் நிற்கிறது. சோளம் விதைப்பாரில்லை. விதைத்தால்தானே பட்சி வரும்? தகரம் எந்தப் பழைய சாமான்காரனோடு போனதோ. அந்த மெஷினை இன்றைக்குக் கொண்டுவந்து வைக்கட்டும். குறுக்கே ஒன்றும் பறக்காது. ரொம்பச் சுத்தமான கணக்கு வரும்.

"எழுதிட்டியா கண்ணு? எங்கே, படிச்சுக் காட்டு. பட்சி எழும்பற எடத்துல இருந்து படி. சத்தமாப் படி."