தனியாத்தான் வரேன்

மருந்துக்கடையில் அத்தனை வருஷம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்த கண்கள் அவளுடையவை. மற்றவர்கள் தலையைச் சொறிகிற சீட்டை வாங்கி, ஒரே பார்வையில் டப்பாவை எடுத்து வைத்துவிடுவாள். அந்தக் கண்களைத்தான் கண் அழுத்த நோய் சத்தமே இல்லாமல் தின்று தீர்த்தது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போயிற்று.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டுவதற்கு ஒருவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. எப்போது கேட்டாலும், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவர், "இரு, வரேன்" என்பார். அந்த "இரு"வைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

பார்வை இழந்தவர்களுக்கு உதவும் மையம் ஒன்று இருப்பது தெரிந்து, அடம்பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். அங்கே வெள்ளைக்கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் கோல் வாத்தியார் என்பார்கள். கடைசி வகுப்பில் அவர், "இனி நான் பின்னால வரமாட்டேன்கா. இனிமே நீங்க தனி ஆளு" என்றார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மூக்கு சிவக்க அழுதாள்.

மையமே அவளுக்கு வேலையும் கொடுத்தது, தொலைபேசியில் பேசுகிற வேலை. புதிதாகப் பார்வை போனவர்கள் கூப்பிடுவார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. "நானும் உங்கள மாதிரிதான். தினமும் வேலைக்குத் தனியாத்தான் வரேன்" என்பாள். எதிர்முனையில் அழுகை நின்றுவிடும். வேறு எதைச் சொல்லியும் நின்றதில்லை.

அப்படி நம்பியவர்களில் ஒரு கொத்தனாரும் இருந்தான். சுண்ணாம்பு தெறித்துக் கண் போனவன், அறையை விட்டே வெளியே வரமாட்டேன் என்று கிடந்தவன். இவள் பேச்சைக் கேட்டுக் கோல் பிடிக்கக் கற்று, தெருவில் இறங்கி, நடைபாதையில் குறுக்கே நின்ற வண்டியில் இடித்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். அப்புறம் போனில் கூப்பிட்டான்.

"உங்க மேல குத்தம் சொல்லலக்கா. ஆனா உங்க வழியில வண்டியெல்லாம் நிறுத்த மாட்டாங்களா?"

"இல்லையே தம்பி. ஒருநாள்கூட எதுலயும் இடிச்சதில்லையே."

போனை வைத்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வீடு திரும்பும்போது, தெருமுனைச் சலவைக்கடையில் சூடான இஸ்திரிப் பெட்டியின் வாசனை வந்த இடத்தில் நின்றாள்.

"அண்ணே, நீங்கல்லாம் ரொம்ப நல்லவங்க. வழியில ஒரு வண்டி கிடையாது. மத்த தெருவுல எல்லாம் இப்படி இல்லியாம்."

சலவைக்காரர் சிரித்துவிட்டார். "நாங்களா? நல்லா சொன்னீங்க போங்க! என் வண்டியே நடுவுலதான் நிக்கும். உங்க வீட்டுக்காரர் முன்னாடியே வந்து எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு, அப்புறம் உங்க பின்னாலயே வர்றாரே. இதோ இப்பக்கூட..."

பேச்சு சட்டென்று நின்றது. யாரோ வாயில் விரல் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பினாள்.

"இருக்கீங்களா?"

பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. "இருக்கேன்மா."

"செருப்பு எங்க?"

"கையில."

அடப் பாவி மனுஷா! சலவைக்காரருக்குத் தெரியும், தெருவில் வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். அவள் கோலைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்க, அத்தனை பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். எதிரிகள்கூட இப்படிச் சேர்ந்து காது குத்தமாட்டார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள். "எப்பலருந்து?"

"மொதல் நாள்லருந்து."

"கோல் வாத்தியாருக்குத் தெரியுமா?"

"அவர்தான் சொன்னாரு, செருப்புச் சத்தம் காட்டிக் குடுத்துடும், கழட்டிடுங்கன்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் செய்ததையாவது பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். 'தனி ஆளு' என்று சொன்ன வாயே அவளை ஏமாற்றவும் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன். நீ விழுந்திருந்தா?"

"விழுந்திருப்பேன்! விழுந்து எழுந்திருப்பேன்! ஊருக்கெல்லாம் தனியா வரேன்னு சொல்லிட்டுக் கிடந்தேனே, என் வாயால பொய் சொல்ல வெச்சுட்டீங்களே! அந்தப் பையன் கை ஒடிஞ்சது யாரால?"

அவரும் அழுதார். இனிமேல் வாசல்படி தாண்டமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சலவைக்கடை தாண்டியதும் ஒரு வண்டியின் மிதிகட்டை முழங்காலுக்குக் கீழே சுளீரென்று கிழித்தது. வலியில் கண் கலங்கியது. ஆனாலும் மனசு குளிர்ந்தது. யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, நிஜமாகவே தனியாக வந்திருக்கிறாள்.

நாலடி போவதற்குள் அந்த நினைப்பு வந்துவிட்டது. அவளை நம்பவைக்கவே அந்த வண்டியை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தால்? நின்று மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக் கேட்டாள். காலடிச் சத்தம் எதுவும் இல்லை. இத்தனை நாளும்தான் கேட்கவில்லை.

கணவர் போனில் சொல்லியிருப்பார் போல, மையத்தில் கோல் வாத்தியார், "அக்கா, கோவமா?" என்று பின்னாலேயே வந்தார். அவள் நிற்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலில் ரத்தம் பிசுபிசுத்தது. தொலைபேசி அடித்தது. கொத்தனார்தான்.

"கட்டுப் பிரிச்சதும் மறுபடி நடந்து பாக்கப் போறேன்கா. நீங்க சொன்னதத்தான் நெனச்சுக்கறேன். இன்னிக்கும் தனியாத்தானே வந்தீங்க?"

அவள் வாய் வழக்கம்போல் திறந்தது. சொல் வரவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"தெரியல தம்பி" என்றாள். "தனியா வந்தேனான்னு எனக்குத் தெரியல."