அற்புதமணி போட்ட ஓரத் தகடு

அற்புதமணியைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் என் ஹார்டுவேர் கடைக்கு இருபது வருஷமாக வருகிறான். முதலில் துறைமுகத்துக் குடோன்களுக்குத் தகரக் கூரை போட்டான். இப்போது மொட்டைமாடி அறைகளுக்கு, ஓடுபோல வரிசை வரிசையாக அடுக்கி அடிக்கிற ஷிங்கிள் கூரை போடுகிறான். "ஷிங்கிள் அழகுக்கு, அண்ணாச்சி. வீட்டைக் காப்பாத்துறது ஓரத் தகடுதான்" என்று என் கழுத்தை அறுப்பான். கூரை விளிம்பில் தண்ணீர் உள்ளே திரும்பாமல் வெளியே சொட்டச் செய்கிற அந்த மெல்லிய தகட்டுக்காக அவன் என் கடையில் போட்ட சண்டைகளுக்கு அளவே இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து தகடு கேட்டான்.

"எந்த வேலைக்குலே?"

"காயல்பட்டினம், ரஹ்மத்துன்னிஸாம்மா வீடு."

"அது ஆடியிலேயே முடிஞ்சிட்டுல்லா?"

"தப்பா முடிச்சிருக்கேன், அண்ணாச்சி."

தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றித்தான் அடிக்க வேண்டும். அந்த இணைப்பின் வாய், மழையைக் கொண்டுவரும் காற்றுக்கு எதிரே திறந்திருக்கக் கூடாது. ஆடியில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, கண்ணைத் திறக்க விடாமல் மண்ணை வாரி இறைத்தது. அந்த எரிச்சலில் மேற்கை மறைத்தே அடித்துவிட்டான். ஆனால் எங்கள் கரைக்குக் கச்சானில் மழை ஏது? ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைதான் கொண்டுவரும். இணைப்புகளெல்லாம் கிழக்கே பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. முந்தின நாள் முதல் வாடை கன்னத்தில் பட்டதும்தான் அவனுக்கு உறைத்ததாம்.

"பேசாம சிலிக்கான் பசையை அப்பிட்டு வாலே" என்றேன்.

"இந்த உப்புக் காத்துல அது எத்தனை நாளைக்கு நிக்கும்?"

மணி கூரை போட்ட அந்த மொட்டைமாடி அறை ரஹ்மத்துன்னிஸாவின் மகள் ஷஃபீகாவுக்காகக் கட்டியது. அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். நிக்காஹ்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் புதுமாப்பிள்ளை தலையில் ஒழுகும். சொன்னாலோ அந்த ஊரில் இனி மணிக்கு வேலை கிடைக்காது. இருந்தாலும் தகட்டை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கூடப் போனேன்.

வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ரஹ்மத்துன்னிஸா பொரிந்து தள்ளினார். கணவர் ஜித்தாவில், வீடு கட்டின பாடு முழுக்க இவர் தலையில்தான்.

"மாப்பிள்ளை வீட்டாளுங்க வந்து பார்க்குற நேரத்துல கூரையைப் பிரிச்சுப் போடணுமா? உங்களை நம்பித்தானே விட்டேன்!"

"ரெண்டு நாள் குடுங்கம்மா. கீழ்வரிசையை மட்டும் பிரிச்சு மாத்திருதேன்."

இரண்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. கிழக்குப் பக்கமிருந்து ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டினான். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்துத் தெரு ஸதக்கத்துல்லாஹ் வீட்டுக்கும் நீங்க ஆடியிலதானே போட்டீங்க?"

சொல்லாதே என்று நான் மணியின் கையைக் கிள்ளினேன்.

"ஆமாம்மா. அதுவும் இப்படித்தான். இன்னும் ரெண்டு வீடு இருக்கு. இப்ப அங்கதான் போறேன்."

கிள்ளின கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினார்.

"தனியாப் போனா ஏசிப்போடுவாங்க. நானும் வாறேன், நடங்க."