பெயர் கேட்கும் கித்தார்காரர்

மலேசியாவின் சிரம்பான் நகரத் தியேட்டரில் கித்தார் கோஷ்டிகளின் பின்னால் அலையும் பெண்களைப் பற்றிய மட்டமான வெள்ளைக்காரப் படம். பக்கத்தில் இருந்தவள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள்; நகமெல்லாம் ரப்பர் கறை, தலையில் புதுப்பூ. திரையில் யார் பேசினாலும் என்னை முழங்கையால் இடிப்பாள்.

“தங்கச்சி, என்னா சொல்றான்?”

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான். பெருமையாகவே தமிழில் சொன்னேன்.

கடைசியில் பாட்டுக்காரன், தன் பின்னாலேயே சுற்றியவளிடம் வேனிலிருந்து ஏதோ கேட்டான்.

“கூட்டிட்டுப் போறேங்கறானா?”

“இல்லக்கா. பேரு என்னன்னு கேக்குறான்.”

“எங்க திருவிழாவுல கித்தார் வாசிக்கிறவரும் அப்படித்தான் லா. மூணு வருசமா கேக்குறாரு, நானும் சொல்றேன்.”

விளக்கு எரிந்ததும் எழுந்துவிட்டாள்.

“இன்னிக்கு கோலா பிலாவுல வாசிக்கிறாரு. பஸ் போயிரும்.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். யாருக்காகவும் நான் அப்படி ஓடியதில்லை.