ஐந்தாம் சுற்றின் கடைசி அடி

கம்போடு கம்பு தட்டி ஆடும் சாய்ந்தமருதுப் பொல்லடிக் குழுவில் பளீலின் கையைப்போல் வேறு கை இல்லை என்பார்கள். அண்ணாவியார் பாட்டை எவ்வளவு விரைவாக்கினாலும் அவருடைய இரண்டு பொல்லும் பிந்தாது. அல்லாஹ் கொடுத்த கை என்றார்கள். மனைவி ஸம்ஸியா மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில், ஐந்தாம் சுற்றின் கடைசி அடிக்கு, பளீல் இடது பொல்லைத் தூக்காமல் வலதைத் தூக்கிவிட்டார். எதிரே ஆடிய பதியுதீனின் விரலில் பட்டது. அவர் ஸம்ஸியாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன்.

"மாடு சாய்க்கிற கம்பெண்டா நினைச்சீங்க, மச்சான்?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதமே பதியுதீன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பளீல் அந்தச் சுற்றைவிட்டு வெளியே வரவில்லை. ஓட்டோவின் கைப்பிடியில் தட்டுவார். சோற்றுக் கோப்பையின் விளிம்பில் தட்டுவார். தொழுகை வரிசையில்கூட விரல் அசையும். முதலில் பிழைத்த அடி வரும். பிறகு அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் சரியான அடி. ஒரு நாளைக்கு நூறு தரம். கை தேறியது அப்படித்தான்.

"இன்னமும் அந்தக் கலியாணத்துலயா நிக்கீங்க?" என்பாள் ஸம்ஸியா.

இந்த வருடம் பதியுதீன் ஊரோடு வந்து சேர்ந்தார். போன மாதம் பளீலின் மகள் அப்ராவுக்குக் கலியாணம். மாப்பிள்ளையைப் பொல்லடித்து வரவேற்க ஏற்பாடு. தானும் ஆடுவதாகச் சொன்னார் பளீல். எதிரே பதியுதீன் நிற்க வேண்டும்.

"பொண்ணுட வாப்பா பொல்லோட நிண்டா, மாப்பிள்ளைக்குக் கை குடுக்கிறது ஆரு? ஊர் சிரிக்கும்கா" என்றாள் ஸம்ஸியா.

"அவர்ர முன்னுக்கு ஒருக்காப் பிழைக்காம அடிக்கணும். அதோட விட்டுருவன்."

நான்கு சுற்றும் பிசகவில்லை. ஐந்தாவதில் பாட்டு விரைந்தது. கடைசி அடிக்கு முன் பளீல் பதியுதீனின் விரலைப் பார்த்தார். எப்போதும்போல முதலில் பிழைத்த அடிதான் வந்தது. வலது பொல் எழுந்து அதே விரலில் இறங்கியது.

பாட்டு நின்றது. பதியுதீன் கையை உதறினார். சிரிக்கவில்லை.

"பரவால்ல மச்சான். மகள்ர கலியாணம், மனம் ஒரு இடத்துல நிக்காதுதானே. உங்கட கை பிழைச்சு இண்டைக்குத்தான் காணுறன்."

"இண்டைக்குத்தானா?"

"வேற எப்ப?"

மாப்பிள்ளை பந்தலடியில் காத்து நின்றார். பளீல் பொல்லுகளைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கொடுத்தார். மாப்பிள்ளையின் உள்ளங்கைக்குள் அவருடைய விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.